ஒரு கப் என்றால் எத்தனை மில்லி? சமையலறைத் திரவ அளவுகளை மாற்றும் முழு வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ‘கப்’ என்று நாங்கள் சொல்லும் பாத்திரங்கள் நான்கு இருக்கின்றன. காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளர், மின்சார ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை, பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த பித்தளை ஆழாக்கு, கேக் செய்வதற்கென்று வாங்கிய அளவுக் கப். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன். டம்ளர் 165 மில்லி, குக்கர் குவளை 180, ஆழாக்கு 205, அளவுக் கப் 240. ‘இரண்டு கப் பால்’ என்று யாராவது சொன்னால், அது எங்கள் வீட்டில் 330 மில்லியாகவும் இருக்கலாம், 480 மில்லியாகவும் இருக்கலாம்.

நிறுத்துப் பார்க்கத் தூண்டியது ஒரு நவராத்திரி. சிட்னியில் இருக்கும் தங்கை கடற்பாசி இனிப்புக்குக் குறிப்பு அனுப்பியிருந்தாள்: 10 கிராம் கடற்பாசி, 4 கப் பால். நான் கைக்கு எட்டிய குக்கர் குவளையால் நான்கு முறை ஊற்றினேன். அவள் ஊரில் கப் என்பது 250 மில்லி. அவள் ஊற்றுவது ஒரு லிட்டர், நான் ஊற்றியது 720 மில்லி. வாயில் கரைய வேண்டிய இனிப்பு, கத்தியால் அழுத்தி வெட்ட வேண்டிய கட்டியாகிவிட்டது. கொலுவுக்கு வந்தவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். அன்று முதல் எந்தக் குறிப்பையும் அளவைப் புரிந்துகொள்ளாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை.

திரவ அளவுகளை மாற்றுவது பள்ளிக் கணக்கைவிட எளிது. ஆனால் கணக்குக்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. பலர் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுவதால்தான் கணக்கு சரியாக இருந்தும் பண்டம் கெடுகிறது.

1. குறிப்பு விகிதத்தில் இருக்கிறதா, அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்

‘ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர்’ என்றால் அது விகிதம். ஆழாக்கால் அளந்தாலும் டம்ளரால் அளந்தாலும், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும்வரை கேசரி கேசரியாகவே வரும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. இவற்றுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. ‘கப்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் பிடித்த டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எப்போது தொடங்குகிறது என்றால், கப்போடு வேறொரு நிலையான அளவு சேரும்போது. 10 கிராம் கடற்பாசி, ஒரு டின் கெட்டிப்பால், இரண்டு முட்டை, ஒரு பாக்கெட் ஈஸ்ட் என ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அந்தக் கப்புக்கும் நிலையான அளவு வந்துவிடுகிறது. முட்டை உங்கள் டம்ளருக்கு ஏற்றாற்போல் சிறிதாகாது. குறிப்பை வாசிக்கும்போதே இப்படி எண்ணிக்கையிலோ கிராமிலோ வரும் பொருளை அடிக்கோடிடுங்கள். ஒன்றாவது இருந்தால் கீழே உள்ள வேலைகள் அத்தனையும் தேவை.

2. உங்கள் பாத்திரங்களை அளந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். இணையத்தில் எத்தனையோ மாற்று அட்டவணைகள் கிடைக்கின்றன. அவற்றில் எதற்கும் உங்கள் வீட்டு டம்ளரைத் தெரியாது.

சமையலறைத் தராசு இருந்தால் ஐந்து நிமிட வேலை. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மில்லி. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பது இந்த வேலைக்குப் போதுமான உண்மை. சென்னை வெயிலில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 996 கிராம்தான் இருக்கும் என்றாலும் அந்த 4 கிராம் எந்தச் சாம்பாரையும் மாற்றாது.

தராசு இல்லாதவர்களுக்குக் கையில் இருக்கும் நல்ல அளவுகோல் அரை லிட்டர் ஆவின் பாக்கெட். மூலையை அகலமாக வெட்டி, பாலைச் சொட்டுவிடாமல் டம்ளர் டம்ளராக ஊற்றுங்கள். எங்கள் டம்ளரில் மூன்று முறை நிறைந்து ஒரு டீஸ்பூன் மிஞ்சியது. 500-இல் 5 போக 495. அதை மூன்றால் வகுத்தால் 165. தராசு சொன்ன அதே எண். மிஞ்சுவதை அளக்க இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி போதும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி பரணில் கிடந்தால் அதையும் இறக்குங்கள். அதில் மில்லிக் கோடும் அவுன்ஸ் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மருந்துக் கடையில் ஊசியில்லாமல் வாங்கும் 5 மில்லி சிரிஞ்சு, ஸ்பூன்களைச் சரிபார்க்க மிக உதவும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. விளிம்புவரை நிரப்பிய டம்ளரை யாரும் சிந்தாமல் அடுப்புவரை கொண்டுபோக முடியாது. சமைக்கும்போது வழக்கமாக எந்த மட்டம்வரை ஊற்றுகிறீர்களோ அந்த மட்டத்தையும் தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் டம்ளர் விளிம்புவரை 165, கழுத்துவரை 140. இந்த 25 மில்லி வேறுபாடு நான்கு டம்ளருக்கு 100 மில்லி ஆகிவிடும். கோடு போட்ட ஜாடியாக இருந்தால் சமதளத்தில் வைத்து, குனிந்து, கோட்டைக் கண்மட்டத்தில் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து பார்த்தால் தவறும். ஸ்பூன்போன்ற சிறிய கருவியை ஒரே முறை அளக்காதீர்கள். பத்து முறை தண்ணீர் ஊற்றி மொத்தத்தைப் பத்தால் வகுத்தால்தான் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

புதிதாக அளவுக் கப் வாங்குபவர்கள் தியாகராய நகரிலோ பாரிமுனையிலோ கடையில் நிற்கும்போதே கப்பைத் திருப்பி அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 240 என்று போட்டவையும் 250 என்று போட்டவையும் ஒரே அடுக்கில் விற்கின்றன. எது வாங்கினாலும் சரிதான், எது வாங்கினோம் என்பது தெரிந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுங்கள். பொறித்த எண்ணும் உண்மையான கொள்ளளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

3. குறிப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள்

கப், பைண்ட், அவுன்ஸ் ஆகிய பெயர்கள் கடல் தாண்டும்போது அளவு மாறுகின்றன.

அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் அதை 240 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானியக் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் குவளையின் 180 மில்லிக்குப் பின்னாலும் ஜப்பான்தான் இருக்கிறது: அரிசியை அளக்க அவர்கள் வழிவழியாகப் பயன்படுத்திய ‘கோ’ என்ற அளவு ஏறக்குறைய 180 மில்லி.

பைண்ட் இன்னும் ஏமாற்றும். அமெரிக்கப் பைண்ட் 16 திரவ அவுன்ஸ், 473 மில்லி. பிரிட்டிஷ் பைண்ட் 20 திரவ அவுன்ஸ், 568 மில்லி. அவுன்ஸே சற்று வேறு: அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.6 மில்லி, பிரிட்டிஷ் 28.4. பழைய ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் ‘கில்’ என்று ஒன்று வரும். பிரிட்டனில் அது 142 மில்லி, அமெரிக்காவில் 118. குவார்ட் என்பது இரண்டு பைண்ட். கேலன் என்பது எட்டு பைண்ட். எனவே அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை மனத்தில் வைத்துக்கொண்டால், அது அமெரிக்கக் கணக்கில் 5.3 கேலன், பிரிட்டிஷ் கணக்கில் 4.4 கேலன்.

ஐரோப்பியக் குறிப்புகள் நல்லவை. அவற்றில் டெசிலிட்டர் என்றால் 100 மில்லி, சென்டிலிட்டர் என்றால் 10 மில்லி, அவ்வளவுதான்.

அவுன்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. திரவ அவுன்ஸ் கொள்ளளவைக் குறிக்கும். வெறும் அவுன்ஸ் எடையையும் குறிக்கும், 28.35 கிராம். ‘8 அவுன்ஸ் பால்’ என்றால் பெரும்பாலும் 237 மில்லி. ‘8 அவுன்ஸ் வெண்ணெய்’ என்றால் 227 கிராம். ஊற்றும் பொருளா, வெட்டும் பொருளா என்று பார்த்தால் பிரித்தறியலாம்.

4. எல்லாவற்றையும் மில்லி வழியாக மாற்றுங்கள்

அமெரிக்கக் கப்பிலிருந்து நேராக நம் டம்ளருக்குத் தாவ முயன்றால் தலை சுற்றும். நடுவில் மில்லியில் ஒரு முறை இறங்கி ஏறுங்கள். வரும் அளவை அதன் மில்லியால் பெருக்குங்கள். கிடைப்பதை உங்கள் பாத்திரத்தின் மில்லியால் வகுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து வந்த குறிப்பில் ஒன்றரைக் கப் பால் என்று இருக்கிறது. 1.5 பெருக்கல் 236.6, கிட்டத்தட்ட 355 மில்லி. 165 மில்லி டம்ளரில் இரண்டு முழு டம்ளர் 330. மிச்சம் 25 மில்லி, அதாவது 5 டீஸ்பூன். ‘2.15 டம்ளர்’ என்று தசமத்தில் நிறுத்தாமல், முழு டம்ளர்கள் போக மிஞ்சுவதை ஸ்பூனுக்கு மாற்றுவது கைக்கு எளிது.

பழைய பிரிட்டிஷ் குறிப்பு ஒன்றில் அரைப் பைண்ட் பால் கேட்கிறது. 284 மில்லி. அதை அமெரிக்கப் பைண்டாக நினைத்திருந்தால் 237 ஊற்றியிருப்போம். 47 மில்லி குறைந்து, கஸ்டர்ட் கட்டிதட்டியிருக்கும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? ரசம், சாம்பார், மோர்க்குழம்பு ஆகியவற்றில் 20 மில்லி கூடினாலும் குறைந்தாலும் அடுப்பு சரிசெய்துவிடும். கேக், ரொட்டி, கடற்பாசி, ஜெலட்டின் போன்ற உறையும் பண்டங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தவறவிடாதீர்கள். இட்லி மாவுக்கு நான் எந்த எண்ணையும் நம்புவதில்லை. உளுந்து புதியதா பழையதா என்பதற்கேற்பத் தண்ணீர் கேட்கும். அங்கே கைதான் அளவு.

5. ஸ்பூன்

டீஸ்பூன் 5 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி, மூன்று டீஸ்பூன். இந்தியாவில் விற்கும் அளவுக் கரண்டிச் செட்டுகள் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மட்டும் மேசைக்கரண்டி 20 மில்லி, நான்கு டீஸ்பூன். சிட்னித் தங்கை ‘இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு’ என்றால் நான் 40 மில்லி எடுக்கிறேன்.

16 மேசைக்கரண்டி சேர்ந்தது ஓர் அமெரிக்கக் கப். பதினாறில் ஒரு பங்குக்கு நம்மிடம் மாகாணி என்ற அழகான சொல் இருக்கிறது. கப்பில் மாகாணிதான் மேசைக்கரண்டி என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு அதன்பின் மறக்கவே இல்லை. காலுக்கு நான்கு கரண்டி, அரைக்காலுக்கு இரண்டு கரண்டி.

வீட்டில் சர்க்கரை கலக்கும் ஸ்பூன் அளவுக் கருவி அன்று. எங்கள் வீட்டில் ஒன்று 4.2 மில்லி பிடிக்கிறது, இன்னொன்று 6.5. சமையலுக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. குழந்தைகளின் மருந்துக்கு ஒருபோதும் பொறுத்துக்கொள்ளத்தக்கதில்லை. மருந்தோடு வந்த மூடியையோ சிரிஞ்சையோ மட்டுமே பயன்படுத்துங்கள்.

6. பாட்டியின் படியும் ஆழாக்கும்

பழைய நோட்டுப் புத்தகங்களில் படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்றுதான் இருக்கும். இவற்றின் உறவு மிகச் சீரானது, எல்லாம் இரட்டிப்பு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியை நாழி என்றும் சொல்வார்கள். ஆக, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆழாக்கை அரைக்கால் படி என்று சொல்வதும் அதனால்தான். அதற்கு மேலே மரக்கால், கலம் என்று நெல் அளக்கும் உலகம். அடுப்படிக்கு அது தேவையில்லை.

உறவு சீரானது என்றாலும் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. பட்டணம் படி என்று தனியாகப் பெயர் சொல்லியே பேசினார்கள். எங்கள் வீட்டுச் சென்னை ஆழாக்கு 205 மில்லி. தஞ்சாவூரிலிருந்து குடிவந்த பக்கத்து வீட்டு மாமியின் ஆழாக்கு 168. இரண்டும் அவரவர் ஊரில் சரியானவை. நாட்டில் எடை, அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்து, 1960-களின் தொடக்கத்தில் லிட்டர் கட்டாயமான பிறகு, கடையிலிருந்து படி விலகியது. வீட்டிலிருந்து விலகவில்லை. ‘ஆழாக்குப் பால்’ என்று வாங்கிய நினைவு இன்றும் பெரியவர்கள் பேச்சில் வரும்.

பாட்டியின் குறிப்பை மாற்ற, முதலில் எல்லாவற்றையும் ஆழாக்குக்குக் கொண்டுவாருங்கள். ‘ஆழாக்கு அரிசி, முக்கால் படி பால்’ என்று பால் பாயசத்துக்கு எழுதியிருந்தால், முக்கால் படி என்பது ஆறு ஆழாக்கு. ஒன்றுக்கு ஆறு! இங்கேயே வேலை முடிந்தது. எந்த டம்ளராலும் செய்யலாம். பால் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு மட்டும் மில்லி தேவை: 205 மில்லி ஆழாக்கில் ஆறு என்றால் 1,230 மில்லி, மூன்று அரை லிட்டர் பாக்கெட்.

பாட்டியின் ஆழாக்கு உங்களிடம் இருந்தால் அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும் சாவி அது. குறைந்தபட்சம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றி நிறுத்து, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

7. மில்லியிலிருந்து கிராமுக்கு

தண்ணீர் தவிர மற்றவற்றில் மில்லியும் கிராமும் ஒன்றில்லை. 100 மில்லி பால் 103 கிராம். இந்த வேறுபாட்டை மறந்துவிடலாம். எண்ணெயும் உருக்கிய நெய்யும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 91 கிராம். எண்ணெய்ப் பாக்கெட்டில் லிட்டரும் கிராமும் சேர்ந்தே அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 லிட்டருக்கு 910 கிராம் என்பது இந்தக் கணக்குதான். லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும் குறைந்த அளவுப் பாக்கெட்டுகளும் கடையில் இருப்பதால், ஊறுகாய்க்கு ‘ஒரு பாக்கெட் நல்லெண்ணெய்’ என்று கணக்கிடுவதற்கு முன் அச்சிட்ட எண்ணை வாசியுங்கள்.

தேன் எதிர்த்திசையில் போகிறது: 100 மில்லி 142 கிராம். ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம். நெய்யை எப்போதும் உருக்கிய பிறகே மில்லியில் அளக்க வேண்டும். உறைந்த நெய்யைக் கப்பில் அடைக்கும்போது உள்ளே காற்று நின்றுவிடும். மைசூர்பாகு செய்பவர்களுக்கு இதன் விலை தெரியும்.

8. கூட்டம் வந்தால்

வீட்டில் நாற்பது பேருக்குக் காபி. ஒருவருக்கு 120 மில்லி என்று வைத்துக்கொள்வோம், பால் மூன்று பங்கு, டிகாக்‌ஷன் ஒரு பங்கு. ஆளுக்கு 90 மில்லி பால், 30 மில்லி டிகாக்‌ஷன். நாற்பதால் பெருக்கினால் பால் 3.6 லிட்டர், டிகாக்‌ஷன் 1.2 லிட்டர். பால் ஏழு பாக்கெட்டும் 100 மில்லியும். எட்டாக வாங்குங்கள், பொங்கி வழிவதற்கும் இரண்டாம் முறை கேட்பவர்களுக்கும் இருக்கட்டும். டிகாக்‌ஷனில் ஒன்றைக் கவனியுங்கள்: காபித் தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 300 கிராம் தூள் போட்டால் 600 மில்லி உள்ளேயே நின்றுவிடும். 1.2 லிட்டர் இறங்க 1.8 லிட்டர் வெந்நீர் ஊற்ற வேண்டும்.

குக்கரில் ‘5 லிட்டர்’ என்று எழுதியிருப்பது விளிம்புவரையிலான கொள்ளளவு. சமைக்கும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், அதாவது 3.3 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பொங்கி நுரைக்கும் பருப்புக்கும் அரிசிக்கும் பாதிதான், 2.5 லிட்டர். குறிப்பை இரட்டிப்பாக்கும்போது முதலில் இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

‘ஒரு லிட்டர் பால் அரை லிட்டராகச் சுண்ட வேண்டும்’ என்று பாசந்திக் குறிப்பு சொல்லும். கொதிக்கும் பாலை ஜாடியில் ஊற்றி அளக்க முடியாது. அதே பாத்திரத்தில் முதலில் 500 மில்லி தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பைச் செங்குத்தாக நிறுத்தி, நனைந்த இடத்தில் ஒரு நூல் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாலை ஏற்றுங்கள். அடுப்பைக் குறைத்து நுரை அடங்கியதும் காம்பை நிறுத்திப் பார்த்து, பால் நூலுக்கு வந்ததும் இறக்கிவிடலாம். உருளிபோல் வாய் அகன்ற பாத்திரத்திலும் இது தவறாது, ஏனென்றால் அளவு அந்தப் பாத்திரத்திலேயே எடுத்தது.

9. அலமாரிக் கதவின் உட்புறத்துக்கு ஒரு தாள்

அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி, தண்ணீர் படாமல் அகலமான டேப் ஒட்டி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் பதித்துவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருப்பது இது:

காபி டம்ளர்: விளிம்புவரை 165, கழுத்துவரை 140
குக்கர் குவளை: 180
ஆழாக்கு: 205 (எட்டு சேர்ந்தால் படி, 1,640)
அளவுக் கப்: 240
குழிக்கரண்டி: 60
சர்க்கரை ஸ்பூன்: 4.2
அமெரிக்கா: கப் 237, பைண்ட் 473, திரவ அவுன்ஸ் 29.6
பிரிட்டன்: பைண்ட் 568, திரவ அவுன்ஸ் 28.4
ஆஸ்திரேலியா: கப் 250, மேசைக்கரண்டி 20
எண்ணெய், நெய்: மில்லியை 0.91-ஆல் பெருக்கினால் கிராம்
தேன்: 1.42-ஆல்

கடைசி வரி பென்சிலில் இருக்கிறது, இந்த நவராத்திரிக்கு எழுதியது: கடற்பாசி 10 கிராம், பால் 1 லிட்டர், டம்ளரில் ஆறு, அதன்மேல் இரண்டு டீஸ்பூன்.